சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும்

“ஏம்மா, இந்தச் சீட்டை வெச்சுக்கிட்டு எங்க போகணும்?”

சென்னை ஜி.எச்., அதாவது அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் ஒரு காலைப்பொழுது நின்றால் அதிகம் காதில் விழுகிற கேள்வி இதுதான். கேட்பவர் குடியாத்தத்திலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ விடியற்காலை ரயிலைப் பிடித்து வந்தவராக இருப்பார். கையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் பழைய எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஊர் டாக்டர் எழுதிக்கொடுத்த கடிதம், தண்ணீர் பாட்டில். பதில் சொல்பவர் டாக்டராகவோ நர்ஸாகவோ இருப்பது அபூர்வம். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி கை நீட்டி வழி காட்டுவார். தரை துடைக்கிற அம்மா சொல்வார். போன வாரம் இதே மாதிரி அலைந்து வழி கற்றுக்கொண்ட இன்னொரு நோயாளி, “என்கூட வாங்க, நானும் அங்கதான் போறேன்” என்று அழைத்துப் போவார். தினமும் பத்தாயிரம் பேருக்கு மேல் புறநோயாளிகளாக வந்துபோகிற, ஏறத்தாழ மூவாயிரம் படுக்கைகள் உள்ள ஆஸ்பத்திரி பெரும்பாலும் இப்படித்தான் வழி காட்டுகிறது.

வைத்தியத்தில் குறை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இதய வால்வு மாற்றுவது, மூளையில் கட்டி எடுப்பது, சிறுநீரகம் மாற்றுவது என்று தனியாரில் லட்சங்கள் கேட்கிற சிகிச்சைகள் இங்கே ஏழைகளுக்குக் காசில்லாமல் நடக்கின்றன. குறை வேறு இடத்தில் இருக்கிறது. தனக்கு என்ன நோய், அடுத்து என்ன செய்யப்போகிறார்கள், எந்த நாளில் எந்தக் கட்டடத்துக்கு வர வேண்டும், வீட்டுக்குப் போன பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்பதையெல்லாம் நோயாளியிடம் உட்கார்ந்து சொல்வது இந்த ஆஸ்பத்திரியில் யாருடைய முழுநேர வேலையும் இல்லை. எல்லோரும் போகிற போக்கில் கொஞ்சம் கொஞ்சம் சொல்கிறார்கள். மிச்சத்தை நோயாளியே கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆஸ்பத்திரியின் வயதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 1664 நவம்பரில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. கோட்டையை விட்டு வெளியே வந்து, இடம் மாறி மாறி, 1772இல் இப்போதிருக்கும் இடத்துக்கு வந்து நிலைத்தது. 1835 பிப்ரவரியில் அதோடு ஒரு மருத்துவப் பள்ளி சேர்ந்தது. 1850இல் அந்தப் பள்ளி மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி ஆனது. 1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டது. 1912இல் முத்துலட்சுமி ரெட்டி இங்கிருந்துதான் டாக்டராக வெளியே வந்தார். 2011இல் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என்று பெயர் மாறினாலும் ஆட்டோக்காரரிடம் ‘ஜி.எச்.’ என்றால்தான் வண்டி நகரும்.

கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரி என்பதால்தான் இங்கே எல்லாத் துறைகளும் இருக்கும் என்று ஊரில் நம்புகிறார்கள். அங்கேயே முதல் சிக்கல் தொடங்குகிறது. கர்ப்பிணியை ஜி.எச்.சுக்கு அழைத்து வந்தால் பிரசவம் பார்க்கும் துறை இங்கே கிடையாது. அது எழும்பூரில், 1844இல் தொடங்கிய மகப்பேறு மருத்துவமனையில் இருக்கிறது. குழந்தைக்கு உடம்பு சரியில்லையென்றால் அதுவும் எழும்பூர்தான். அங்கே குழந்தைகள் நல மருத்துவமனை தனியாக இருக்கிறது. கண் என்றால் மறுபடியும் எழும்பூர். 1819இல் தொடங்கிய, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று அங்கே இருக்கிறது. மனநலத்துக்குக் கீழ்ப்பாக்கம். பல்லுக்குப் பக்கத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி. இவற்றில் பல, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி என்ற ஒரே குடையின் கீழ் வருபவைதான். நிர்வாகத்துக்கு அது ஒரே குடும்பம். நாலு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சென்ட்ரலில் இறங்குகிற தாய்க்கு அது நகரத்தின் வெவ்வேறு மூலைகளில் இருக்கிற வெவ்வேறு வாசல்கள். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கடிதம் எழுதும்போதே, ‘சென்னை ஜி.எச்.’ என்று பொதுவாக எழுதாமல் எந்த ஆஸ்பத்திரி, எந்தத் துறை என்று தமிழில் எழுதிக்கொடுத்தால் அந்தத் தாய்க்கு அரைநாள் மிச்சம். 104 என்ற எண்ணுக்கு போன் செய்தால் அரசின் மருத்துவ ஆலோசனை கிடைக்கும் என்பதும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று.

சரியான வாசலுக்கே வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஓ.பி. சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்து, “அட்மிஷன் போடணும்” என்று ஆகிவிடுகிறது. இனி அவர் ஒரு யூனிட்டின் நோயாளி. போதனா மருத்துவமனையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சொல் போதும். மருத்துவம், அறுவை சிகிச்சை, எலும்பு என்று ஒவ்வொரு துறையும் பல யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சீஃப். அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், அவர்களுக்குக் கீழே பி.ஜி. மாணவர்கள், எல்லோருக்கும் கீழே ஓராண்டுப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்கள். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஓ.பி. பார்க்கும் நாள் உண்டு, அட்மிஷன் நாள் உண்டு, ஆபரேஷன் நாள் உண்டு. செவ்வாய்க்கிழமை யூனிட்டில் சேர்ந்தவர் வீட்டுக்குப் போய்விட்டு வியாழக்கிழமை திரும்பி வந்தால், அங்கே உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு அவரைத் தெரியாது. “இது எங்க யூனிட் இல்லம்மா, செவ்வாய்க்கிழமை வாங்க” என்பார். டாக்டர் சொல்வது சரி. வந்தவர் அழுவதும் நியாயம். அன்றைய கூலியை விட்டுவிட்டு, கடன் வாங்கி ரயிலேறி வந்திருப்பார். டிஸ்சார்ஜ் ஆகும்போது யூனிட் எண்ணையும் ஓ.பி. நாளையும் பெரிய எழுத்தில் எழுதி, ஒருமுறை வாயாலும் சொல்லியிருந்தால் அந்தப் பயணமே தேவைப்பட்டிருக்காது.

பரிசோதனைகளிலும் இதே கதைதான். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய சர்க்கரைப் பரிசோதனைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். பசியோடு ரயிலில் வந்த சர்க்கரை நோயாளி, யாரும் சொல்லாவிட்டால், சாப்பிடாமல் வேறு எப்படி வருவார்? மருந்து ஏற்றி எடுக்கிற சி.டி. ஸ்கேனுக்கு முன்பு கிரியேட்டினின் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் அந்தச் சாயமருந்து அதை மேலும் கெடுக்கக்கூடும் என்பதால்தான் அந்த நிபந்தனை. ஸ்கேன் அறை வரைக்கும் ஸ்ட்ரெச்சரில் போய், “ரத்த ரிசல்ட் எங்கே?” என்று திருப்பி அனுப்பப்பட்டவரின் மகனுக்கு இந்தக் காரணம் தெரியாது. வேண்டுமென்றே அலைக்கழிக்கிறார்கள் என்றுதான் அவர் நினைப்பார். காரணத்தைச் சொல்ல அரை நிமிடம் கூட ஆகாது. சொல்லாமல் விட்ட அந்த அரை நிமிடம், வார்டில் கோபமாகச் சேர்ந்துகொண்டே போகும்.

அந்தக் கோபம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2024 நவம்பர் 13 அன்று தமிழ்நாடு பார்த்தது. கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர், பணியில் இருக்கும்போதே, நோயாளி ஒருவரின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார். தாய்க்குத் தரப்பட்ட சிகிச்சை பற்றிய மனக்குறைதான் காரணம் என்று சொல்லப்பட்டது. கத்தியை எடுத்ததற்கு எந்தக் காரணமும் நியாயமாகாது. அதற்குப் பிறகு பாதுகாப்பு கூட்டப்பட்டது. நோயாளியோடு இருப்பவர்களுக்கு அடையாளப் பட்டை கட்டும் முறை வந்தது. இவையெல்லாம் தேவைதான். ஆனால் பட்டை கட்டிக்கொண்டு உள்ளே வந்தவருக்கு டாக்டர் என்ன செய்கிறார் என்று விளக்கிச் சொல்ல ஆள் போடுவது பற்றிய பேச்சு, கதவுக்குக் காவல் போடுவது பற்றிய பேச்சு அளவுக்கு எழவில்லை.

டாக்டர்களைக் குறை சொல்வது சுலபம். ஒரு ஹவுஸ் சர்ஜனின் இரவை நினைத்துப் பார்க்க வேண்டும். ரத்தம் எடுப்பது, டிரிப் போடுவது, கேஸ் ஷீட் எழுதுவது, ரத்த வங்கிக்கு ஆள் அனுப்புவது, ஸ்கேனுக்கு நோயாளியோடு கூடவே போவது என்று எல்லாம் அவர் தலையில். பி.ஜி.யின் நிலை அதைவிட மோசம். பட்டமேற்படிப்பு இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரம்புகிறது. ராஜஸ்தானிலிருந்தோ கேரளத்திலிருந்தோ வந்து சேர்ந்தவர், “வலி எங்க? எத்தனை நாளா?” என்ற நாலு கேள்விகளைத் தமிழில் பழகிக்கொண்டு வார்டுக்கு வந்துவிடுகிறார். நோயைக் கண்டுபிடிக்க அந்தத் தமிழ் போதும். உங்கள் அம்மாவுக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டது, இனி இப்படித்தான் இருக்கும், ஆனாலும் இன்னின்னது செய்யலாம் என்று மகளிடம் சொல்ல அது போதாது. அப்போது ஒரு நர்ஸ் இடையில் நின்று மொழிபெயர்க்கிறார். அவருக்கும் முப்பது நாற்பது நோயாளிகள் இருக்கிறார்கள்.

காலை ரவுண்ட்ஸ் இன்னொரு காட்சி. சீஃப் முன்னால் வர, பின்னால் பத்துப் பதினைந்து வெள்ளைக் கோட்டுகள். ஒரு கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். கட்டிலில் இருப்பவரின் வயிற்றை ஒவ்வொரு மாணவரும் அமுக்கிப் பார்க்கிறார்கள். பத்து நிமிடம் ஆங்கிலத்தில் விவாதம் நடக்கிறது. பேசப்படுவது அவர் உடம்பைப் பற்றித்தான், ஆனால் அவருக்கு ஒரு வார்த்தையும் புரிவதில்லை. முகங்களைப் பார்த்து, தன் நோய் கடுமையானதா இல்லையா என்று அவராகவே கணிக்கிறார். நாளைக்கு நாட்டுக்கு டாக்டர்கள் வேண்டுமானால் இந்தப் பாடம் நடந்தே ஆக வேண்டும்; அதை ஏழை நோயாளிகள்தான் தங்கள் உடம்பால் நடத்திக்கொடுக்கிறார்கள். அதற்குப் பிரதியாக, விவாதம் முடிந்ததும் மாணவர்களில் ஒருவர் பின்தங்கி, ஸ்டூலை இழுத்துப்போட்டு, இப்போது என்ன பேசினோம் என்று தமிழில் இரண்டு நிமிடம் சொல்வது நியாயமான கடன். சில சீஃப்கள் அதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய வார்டில் சத்தம் குறைவாக இருக்கும். 2019இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களிலிருந்து நோயாளியிடம் பேசுவதும் மருத்துவ அறமும் ‘ஏட்காம்’ என்ற பெயரில் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டன. நல்ல மாற்றம். ஆனால் வகுப்பில் படித்ததை வார்டில் செய்ய நேரம் வேண்டும்.

அந்த நேரம் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டாலும் வழி இருக்கிறது. இதே மருத்துவக் கல்லூரியிலிருந்து கிளம்பிய ஒரு சம்பவமே அதைக் காட்டுகிறது.

1980களின் நடுவில் எய்ட்ஸ் என்பது இந்தியாவுக்கு வெளியே இருக்கும் நோய் என்றுதான் நாடே நம்பியது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் இருந்த சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வேட்டுக்கு அந்தத் தலைப்பையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். நிர்மலா, பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகப் பிடிக்கப்பட்டு அரசு காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் போய் ரத்த மாதிரி எடுத்தார். பரிசோதிக்கச் சென்னையில் வசதி இல்லை. சீரத்தைப் பிரித்து, வீட்டு ஃபிரிட்ஜில் பத்திரப்படுத்தி, 1986 பிப்ரவரியில் கணவரோடு ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். பரிசோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறி, கிருமி இருப்பதைக் காட்டின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அன்றைக்குத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. செய்தி சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

உலகம் பாராட்டிய வேலை. அதில் நெருடுகிற ஒரு விஷயத்தையும் நிர்மலாவே பின்னாளில் பி.பி.சி.யிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. பால்வினை நோய்ப் பரிசோதனை என்றே அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். படிக்காதவர்கள், சொன்னாலும் புரிந்திருக்காது என்ற எண்ணம் அன்றைக்கு இருந்தது. அந்தக் கால வழக்கம் அது. அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

அங்கிருந்து இன்றைக்கு நாம் வந்திருக்கும் தூரத்தைப் பார்க்க வேண்டும். சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கியபோது, மருந்துக்கு நிகராக ஆலோசனையையும் வைத்தார். இன்று தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகை போட்ட அறை இருக்கும். உள்ளே ஓர் ஆலோசகர் இருப்பார். பரிசோதனைக்கு முன் ஒருமுறை, முடிவு வந்ததும் ஒருமுறை, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். அதற்காகத்தான் அவருக்குச் சம்பளம். எச்.ஐ.வி. என்றால் என்ன, எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, மாத்திரையை ஏன் ஒருநாளும் விடக்கூடாது, மனைவிக்கு எப்படிச் சொல்வது என்பதுவரை அந்த அறையில் பேசப்படுகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டம், நோயாளிக்கு விளக்கி அவர் சம்மதம் பெற்றுத்தான் பரிசோதிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அங்கேயும் மாத்திரைக்கு முன்னால் பேச்சுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் அந்த மாத்திரைகளை வருடக்கணக்காக நேரம் தவறாமல் சாப்பிட்டு உயிரோடு இருக்கிறார்கள். சொன்னாலும் புரியாது என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இன்னொரு இடத்திலும் தமிழ்நாடு இதைச் செய்துகாட்டியிருக்கிறது. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை, டாக்டர்களான அவருடைய பெற்றோர் தானம் செய்தார்கள். அந்த ஆண்டு அரசு வெளியிட்ட ஆணைகளும், ஜி.எச்.சை மையமாக வைத்து உருவான உறுப்பு மாற்றுத் திட்டமும் மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரி ஆயின. அதில் மருத்துவத் திறமைக்குச் சமமான பங்கு, உறவினர்களிடம் பேசிய ஒருங்கிணைப்பாளர்களுக்கு உண்டு. மூளைச்சாவு என்பதை உறவினருக்குப் புரியவைப்பது எவ்வளவு கடினம் என்று யோசிக்க வேண்டும். நெஞ்சு ஏறி இறங்குகிறது. தொட்டால் உடம்பு சூடாக இருக்கிறது. ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து, நான்கு டாக்டர்கள் கையெழுத்திட்டு, ‘இறந்துவிட்டார்’ என்கிறார்கள். அந்த நேரத்தில் அந்தக் குடும்பத்தோடு தரையில் உட்கார்ந்து, அவர்கள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டாலும் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். சிகிச்சை பார்த்த டாக்டரால் அது முடியாது; அவரை அடுத்த கட்டிலில் கூப்பிடுவார்கள். அதனால்தான் உறுப்பு மாற்று மருத்துவமனைகளில் ஒருங்கிணைப்பாளர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதியே வந்தது. 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்றும் முதல்வர் அறிவித்தார்.

எச்.ஐ.வி., உறுப்பு தானம் இரண்டிலும் அரசு ஒரே காரியத்தைத்தான் செய்தது. பேசுவதை ஒரு பதவியாக்கி, அதற்கு ஓர் ஆளையும் ஓர் இடத்தையும் கொடுத்தது. இரண்டும் நடக்கின்றன. மற்ற வார்டுகளுக்கு அது ஏன் வரக்கூடாது?

வால்வு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களை எடுத்துக்கொள்ளலாம். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட, முப்பது முப்பத்தைந்து வயதில் உலோக வால்வு பொருத்திக்கொண்டு ஊர் திரும்பும் பெண்கள் நிறைய. பொருத்துவது நாலைந்து மணி நேர வேலை. அந்த வால்வை ரத்தக் கட்டி அடைக்காமல் காப்பாற்றுவது ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, பெரும்பாலும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம். இந்த மாத்திரை கத்தி முனையில் நடக்கிற சமாசாரம். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும். கூடினால் உள்ளே ரத்தம் கசியும். அளவு சரியா என்று பார்க்க ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை விடாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

இனி அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டியவற்றைப் பாருங்கள். மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். கீரையை அறவே விட வேண்டியதில்லை, ஆனால் ஒரு வாரம் தினமும், மறுவாரம் துளியும் இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் மருந்தின் அளவு தடுமாறும். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடக்கூடாது. பல் பிடுங்கப் போனால் முதலில் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈறில் ரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் உடம்பில் நீலத் திட்டு தெரிந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ உடனே வர வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது: குழந்தை வேண்டும் என்று நினைத்தால், கர்ப்பமாவதற்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும், ஏனென்றால் முதல் மூன்று மாதங்களில் இந்த மருந்து கருவைப் பாதிக்கக்கூடும். தானாக நிறுத்திவிடவும் கூடாது. நிறுத்தினால் தாயின் உயிருக்கு ஆபத்து.

இவ்வளவையும் டிஸ்சார்ஜ் நாளன்று, ஆட்டோ வெளியே நிற்க, கணவர் மருந்து வரிசையில் நிற்க, அடுத்த நோயாளி கட்டிலுக்காகக் காத்திருக்க, இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட முடியுமா? சொன்னாலும் மனதில் நிற்குமா? டிஸ்சார்ஜ் சம்மரியில் எல்லாம் இருக்கிறது, ஆங்கிலத்தில். அதை நெகிழிக் கவரில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருப்பார்கள். அடுத்த டாக்டர் படிக்கத்தான் அது. கூடவே தமிழில் ஒரே ஒரு பக்கம் வேண்டும். அதை வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போவதற்கு முந்தைய நாள் அரைமணி நேரம் பேச ஓர் ஆள் வேண்டும். சொல்லி முடித்ததும், “இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க பார்ப்போம்” என்று திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளவும் வேண்டும்.

பணம் சம்பந்தமான குழப்பமும் பேசினால் தீரக்கூடியதுதான். அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம் என்று நம்பி வந்தவரிடம் ஆபரேஷனுக்கு முன்னால் காப்பீட்டு அட்டை கேட்பார்கள். உடனே குடும்பம் பதறும், “காசு கேக்கறாங்க போல” என்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனையில் அந்தத் தொகை ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்கிறது. விலை உயர்ந்த வால்வு, ஸ்டென்ட், எலும்புக்கான பிளேட் எல்லாம் வாங்க அது உதவுகிறது. நோயாளி கையிலிருந்து ஒன்றும் போவதில்லை. அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்க ஒருவர் ஊருக்கு ஓட வேண்டும். முதல் ஓ.பி. நாளிலேயே யாராவது சொல்லியிருந்தால் குடும்ப அட்டை, ஆதாரோடு அதையும் கையோடு கொண்டு வந்திருப்பார்கள்.

சாலை விபத்து என்றால் கதை வேறு. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாராக இருந்தாலும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். ஜி.எச்.சின் அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆளைப் பிரித்து அனுப்புவதும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிவப்பு உயிருக்கு ஆபத்து. பச்சைப் பகுதியில் உட்காரவைக்கப்பட்டவர், தனக்குப் பின்னால் வந்தவரை முதலில் பார்க்கிறார்களே என்று சண்டைக்குப் போவது, அந்த நிறத்தின் பொருள் தெரியாததால்தான். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்த வழிப்போக்கர், விரும்பாவிட்டால் பெயர் கூடச் சொல்லாமல் போகலாம். சட்டம் அவருக்குத் துணை நிற்கிறது.

உரிமைகள் காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கின்றன. ஒரு பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தை அதைத் தாண்டிய அறுவை சிகிச்சைக்கான சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல், சமீரா கோலி வழக்கில் சொல்லிவிட்டது. சம்மதப் படிவத்தில் கைநாட்டு வைக்கும் முன் அதில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டச் சொல்லலாம். சிகிச்சை ஆவணங்களின் நகலைக் கேட்டு எழுதிக் கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி சொல்கிறது. குறை ஏதாவது இருந்தால் வார்டில் சத்தம் போடுவதைவிட, நிலைய மருத்துவ அலுவலரிடம், அதாவது ஆர்.எம்.ஓ.விடம் போவது பலன் தரும். அப்படி ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஓர் அறை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம் என்பதே பெரும்பாலானோருக்குத் தெரியாது.

வீடு திரும்பியவர் மாதாமாதம் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைக்காக மட்டும் சென்னைக்கு வந்துகொண்டிருக்க வேண்டியதும் இல்லை. அந்த மாத்திரைகளை 1995லிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் அனுப்புகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பலருக்கு வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரி மாத்திரைதான் கேட்கும் என்று நம்பி, இரண்டு மணி நேரம் பயணம் செய்து மருந்து வரிசையில் நிற்கிற முதியவர்கள் இருக்கிறார்கள். இது அதே மருந்துதான், உங்கள் ஊரிலேயே கிடைக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் இங்கே வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் வாயால் ஒருமுறை சொன்னால் அந்த வரிசையும் குறையும்.

இதற்கெல்லாம் புதிய கட்டடமோ கோடிக்கணக்கில் இயந்திரமோ கேட்கவில்லை. சமூகப் பணி படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கிறார்கள். ஒவ்வொரு பெரிய துறைக்கும் இருவரை நியமித்து, நம்பிக்கை மைய ஆலோசகர்களுக்குத் தருவது போன்ற பயிற்சியைக் கொடுத்து, வார்டு ஓரத்தில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையை ஒதுக்கலாம். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் இப்போது வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் யூனிட், ஓ.பி. நாள், கட்டடம், மாடி, சாப்பிட்டு வரலாமா கூடாதா என்ற ஐந்தையும் தமிழில் அச்சடித்துவிடலாம். டிஸ்சார்ஜ் சம்மரியோடு தமிழ்ப் பக்கத்தை இணைப்பதை வால்வு மாற்று, சிறுநீரக மாற்று, புற்றுநோய் ஆகிய மூன்று இடங்களில் தொடங்கினால் போதும். மற்றத் துறைகள் தாமாகவே கேட்டு வரும்.